கரையோரப் பள்ளியில் வாசிப்பும் கணக்கும்: புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மண்டபம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. உங்கள் பொறுப்பில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள், சேர்த்து 29 பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள், வரியாகப் படிக்க வரவில்லை. 52-ல் 27 போனால் எவ்வளவு என்றால் 35 என்று எழுதுகிறார்கள். அப்பாக்கள் கடலுக்கும் அம்மாக்கள் கடல்பாசி எடுக்கவும் போய்விடுவதால் வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. புத்தகத்தை முடிப்பதா, இவர்களைப் படிக்க வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் 31 ஆண்டு தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: படிக்க வையுங்கள். மூன்றாம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளைக்கு அடுத்த வருடத்து அறிவியலும் சமூக அறிவியலும் வெறும் படங்கள்தான். கணக்குப் புத்தகமும் அப்படியே, அதில் பாதி வாக்கியங்கள். நீங்கள் பாடத்தை முடித்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதலாம், அந்தப் பிள்ளைக்குப் பாடம் தொடங்கியே இருக்காது.

முதல் ஒரு வாரம் எதையும் நடத்தாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மரத்தடியில், ஐந்து ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். சில எழுத்துகள், சில சொற்கள், இரண்டு வரி, முடிந்தால் ஒரு குட்டிக் கதை. எந்த இடத்தில் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் இருக்கிற பக்கத்தைக் கொடுக்க வேண்டாம். என் முதல் பள்ளியில் பிள்ளைகள் கோரஸாகப் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டு, எல்லோருக்கும் வாசிக்க வருகிறது என்றுதான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தற்செயலாக என் கை படத்தை மறைத்துவிட்டது. அதுவரை கணீரென்று வந்த குரல் அப்படியே நின்றுபோனது. அந்தப் பிள்ளை படித்தது படத்தை. மனப்பாடமும் முன்வரிசைப் பிள்ளைகளின் குரலும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருந்தன. அதற்குப் பிறகு தனியாகக் கேட்காமல் எந்தப் பிள்ளையைப் பற்றியும் நான் முடிவுக்கு வந்ததில்லை.

கணக்கிலும் இதே ஐந்து நிமிடம்தான். விடை சரியா தவறா என்பதோடு விட்டுவிடாமல், “எப்படிப்பா கண்டுபிடிச்சே?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்போது குறுக்கே திருத்தாதீர்கள். 35 என்று எழுதிய பிள்ளை என்ன சொல்லும் தெரியுமா? “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு.” பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொன்ன பேச்சை ஒவ்வொரு இலக்கத்திலும் அப்படியே கேட்டு நடந்திருக்கிறது. கவனக்குறைவு இல்லை, ஒரு தவறான விதியைக் கவனமாகப் பின்பற்றுகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இன்னும் இருபது கழித்தல் கணக்கு கொடுத்தால் அந்தத் தவறுதான் இன்னும் உறுதியாகும்.

அந்த வாரக் கடைசியில் உங்களிடம் மூன்று கூட்டம் இருக்கும். இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. 2022 ஜூன் 13 அன்று தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், கீழ்நிலையிலிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அதுதான். அந்தப் பிரிப்பை மனச்சாட்சியோடு செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் அரும்பு என்றே எழுதுங்கள், யாராவது வந்து பார்ப்பார்கள் என்பதற்காக மலரில் தள்ளாதீர்கள். வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் கற்பிப்பது புதிய யோசனையும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக எடுத்து, உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு அடிப்படையை மட்டும் சொல்லிக் கொடுத்தது. அதனால் பலன் உண்டு என்று அளந்து காட்டியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்தார்கள். 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அதே இருவர்தான். நீண்ட படிப்பு படிக்காத பெண்கள் அதைச் செய்ய முடிந்தது என்றால் நீங்களும் நானும் தாராளமாகச் செய்யலாம்.

சரி, வாசிப்புக்கு வருகிறேன்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். உண்மையில் கற்க வேண்டியது உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அப்புறம் உயிர்மெய்க்கான குறிகள். குறி பிடிபட்டுவிட்டால் 216 உயிர்மெய்யும் தானாக விரியும். ஆனால் அந்தக் குறிகள் பிடிபட நாளாகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு ஒப்பிட்டு, ஒரே வருடத்தில் எல்லாம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். கன்னடப் பிள்ளைகளிடம் ஆராய்ந்த சோனாலி நாக், இந்த மாதிரி எழுத்துமுறைகளில் முழு எழுத்தும் வசப்பட ஆங்கிலத்தைவிடப் பல வருடம் கூடுதலாகிறது என்று காட்டியிருக்கிறார். அதனால் மூன்றாம் வகுப்பில் சில குறிகள் தடுமாறுவது நோய் இல்லை. எந்தக் குறி தடுமாறுகிறது என்று தெரியாமல் நாம் இருப்பதுதான் கவலைப்பட வேண்டியது.

அகர வரிசையில் தொடங்காதீர்கள். அ, ஆ, இ, ஈ என்று ஔ வரை போய் முடித்தாலும் பிள்ளையால் ஒரு சொல்கூட உருப்படியாகப் படிக்க முடியாது. நான் ட, ப, ம மூன்றில் தொடங்குவேன். எழுதவும் எளிது. அதோடு ட், ம் இரண்டையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் நான்கும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அடுத்து க, ல, ர, வ. உடனே கடல், மரம், பகல், பல், கல், வரம். எங்கள் கரைப் பிள்ளை முதன்முதலில் தானாகப் படிக்கும் பெரிய சொல் ‘கடல்’ ஆக இருந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

மெய்யெழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நாம் மெய்யை இக், இங், இம் என்று சொல்லித் தருகிறோம். பிள்ளை அதையே வைத்துக்கொண்டு ‘மரம்’ என்பதை “ம, ர, இம்” என்று சொல்கிறது. எத்தனை வேகமாகச் சொன்னாலும் நடுவில் அந்த ‘இ’ நிற்கும், சொல் ஒட்டாது. எழுத்துக் கூட்டிப் படித்தும் சொல் வரவில்லை என்று நீங்கள் சொன்ன பிள்ளைகளில் பலருக்கு இதுதான் காரணமாக இருக்கும். மெய்யைத் தனியாகச் சொல்லித் தராமல், முந்தின எழுத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கல், பல், வில், நெல். மண், கண், பெண். ராகம் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள், ஒரே வால் பல தலைகளில் ஒட்டுவது காதில் விழும். காதில் விழுந்த பிறகுதான் கண்ணுக்குப் புரியும். சொல்லை ஓசையாகப் பிரித்துக் கேட்கிற பயிற்சி எழுத்துக்கு முந்தியது. “படகுல முதல் சத்தம் என்ன? அதை எடுத்துட்டு ‘க’ போட்டா?” என்று மதியச் சாப்பாட்டு வரிசையிலேயே விளையாடலாம்.

இன்னொன்று, நம் வல்லின எழுத்துக்கு ஒரே வடிவம்தான், ஒலி இடத்தைப் பொறுத்து மாறும். கடலில் ஒரு ‘க’, சங்கில் ஒரு ‘க’, பகலில் ஒரு ‘க’. பெரியவர்களுக்கு இது தெரிவதே இல்லை, பிள்ளை திகைக்கும். விதியெல்லாம் விளக்க வேண்டாம். அதற்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களாகக் கொடுத்தால் வாய் தானே சரி செய்துகொள்ளும். சங்கு, நண்டு, பாசி, படகு, பனை, உப்பு, கருவாடு. அட்டையில் எழுதிய ஊர்ச் சொற்களின் பலமே இதுதான். தெரியாத சொல்லில் தெரியாத எழுத்தைக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இருட்டு.

குறிகளில் துணைக்காலும் மேலே போடும் சுழிகளும் சீக்கிரம் வரும். உகரத்தில்தான் படகு தரை தட்டும். குறி ஒன்றாக இல்லையே. நான் அதை மூன்று குடும்பமாகப் பிரித்துச் சுவரில் எழுதி வைத்திருந்தேன். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு, அதோடு யாரும் எழுதாத ஙு, இரண்டாவது. து, நு, ணு, லு, று, னு, ஞு மூன்றாவது. 18 மெய்யும் இதில் அடங்கிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் போதும். அதேபோல ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வாயில் பின்னால் வரும், எழுத்தில் முன்னால் நிற்கும். ‘தேன்’ எழுதும்போது பிள்ளை ‘த’ போட்டுவிட்டுக் கொம்புக்கு இடம் தேடும். “கொம்பைப் பார்த்தா நில்லு, அடுத்த எழுத்தைப் பார்த்துட்டு ரெண்டையும் சேர்த்துச் சொல்லு” என்று பழக்கினேன்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் நீங்கள் மாறிப் போக நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே பல பிள்ளைகள் விடிகாலையில் குர்ஆன் ஓதிவிட்டுத்தான் பள்ளிக்கு வரும். அரபு எழுத்து வலமிருந்து இடமாகப் போகும், அதனால் குழப்பம் வரும் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் கண்டது நேர்மாறு. அந்த எழுத்தின் மேலும் கீழும் குறி இட்டு உயிரோசையைக் காட்டும் முறை அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கம். “அங்கே மேலே கோடு போட்டா சத்தம் மாறுதுல்ல, இங்கேயும் அப்படித்தான்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கி, கீ விளங்கிவிடும். பிள்ளை ஓரிடத்தில் கற்றதை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லக் கூடாது.

எழுத்து வந்த பிறகும் வாசிப்பு வராமல் நிற்பதற்கு வேறொரு காரணம், புத்தகத் தமிழ். “வந்துட்டாக” என்று பேசுகிற பிள்ளைக்கு “வந்துவிட்டார்கள்” என்பது கிட்டத்தட்ட அயல் மொழி. 1986-ல் பிலிப் கௌ, வில்லியம் டன்மர் என்ற இருவர் ஓர் எளிய கருத்தைச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு என்று. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். நாம் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம்.

இரண்டாம் பாதிக்கு நான் செய்தது இதுதான். காலையில் ஒரு பிள்ளை ஒரு செய்தி சொல்ல வேண்டும். “எங்கப்பா நேத்து வலைக்குப் போயி பெரிய திருக்கை கொண்டாந்தாரு.” இதை ஒரு எழுத்தும் மாற்றாமல் பலகையில் எழுதுவேன். தான் சொன்னது அங்கே இருக்கிறது என்பதால் அந்தப் பிள்ளை அதைப் படித்துவிடும், மற்றவர்களும் படித்துவிடுவார்கள். பிறகு அதற்குக் கீழே “என் அப்பா நேற்று வலை வீசப் போய், பெரிய திருக்கை கொண்டுவந்தார்” என்று எழுதி, “புத்தகத்துல இப்படி இருக்கும்” என்பேன். எது மாறியது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பேச்சுத் தமிழைத் தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று வாசிக்கிற பிள்ளை சரியாகத்தான் வாசிக்கிறது, அது உச்சரிப்பு. வாசிப்பு நேரத்தில் ழகரத்துக்காக நிறுத்தித் திருத்தினால் பிள்ளை அந்த வரியின் பொருளை விட்டுவிடும். அதை வேறு நேரத்தில், பாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் முகாமிலிருந்து உங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பேசும் இலங்கைத் தமிழுக்கும் இதே மரியாதை கொடுங்கள்.

தினமும் பத்து நிமிடம் நீங்கள் உரக்க ஒரு கதை படியுங்கள். இதை மட்டும் எந்த நாளும் விடாதீர்கள். பிள்ளை தானாக வாசிக்க முடிகிறதைவிடக் கடினமான கதையாக இருக்கட்டும். நடுவில் நிறுத்தி “அடுத்து என்ன செய்வான்?” என்று கேளுங்கள். சொல்வளம் காது வழியாகத்தான் முதலில் ஏறும். நம் பிள்ளைக்குப் பத்து வகை மீன் பெயரும் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயரும் தெரியும். ஆனால் இராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதத்தைத் தவிர மேடு என்று எதையும் பார்த்திராத பிள்ளைக்குப் பாடத்தில் வரும் அருவியும் பள்ளத்தாக்கும் வெறும் ஓசை. அந்தச் சொல்லைப் படமாகவோ மணலில் குவித்தோ காட்டாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

சரளத்துக்கு வழி, ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான். திங்கள் அன்று தட்டுத்தடுமாறிப் படித்த அதே ஆறு வரியை வெள்ளிக்கிழமை பேசுகிற மாதிரி படிக்க வேண்டும். இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து ஒருவர் படிக்க, மற்றவர் விரல் வைத்துப் பின்தொடரட்டும்.

இனி கணக்கு. முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு, சிலேட்டில் 100 − 65 போட்டால் 165 வரும், சில நாள் 145 வரும். அதே பையன் சாயங்காலம் அவன் பாட்டியோடு கரையில் உட்கார்ந்து கருவாடு விற்பான். 65 ரூபாய்க்கு வாங்கிவிட்டு நான் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். கண் இமைக்கும் நேரத்தில் 35 ரூபாய் கைக்கு வந்தது. எப்படி என்று கேட்டேன். “அறுவத்தஞ்சுக்கு அஞ்சு குடுத்தா எழுவது, அப்புறம் முப்பது குடுத்தா நூறு.” எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவனுக்குக் கணக்கு வராது என்று மதிப்பெண் பட்டியலில் எழுதியவள் நான்.

இது நம் ஊர் அதிசயம் மட்டும் இல்லை. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளைக் கவனித்து 1985-ல் ஓர் ஆய்வு வந்தது. கடையில் கேட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. கைக்கணக்கும் தாள்கணக்கும் இரண்டு கரையில் நிற்கின்றன. நடுவில் பாலம் போடுவது ஆசிரியரின் வேலை, அது தானாக நடக்காது.

அந்தப் பையனின் வழியையே மறுநாள் பலகையில் எழுதினேன். ஒரு கயிற்றில் பத்துப் பத்தாக முடிச்சுப் போட்டு, சுவரில் நீளக் கட்டி, 65-ல் ஒரு துணி கிளிப்பை மாட்டினேன். ஐந்து தாண்டி 70, அங்கிருந்து முப்பது தாண்டி 100. “நீ பண்ணதுதான் இது” என்றேன். பிறகு 52-ல் 27 போக மீதியையும் அதே கயிற்றில் பார்த்தோம். 27-லிருந்து 30-க்கு 3, 30-லிருந்து 50-க்கு 20, அப்புறம் 2. மொத்தம் 25. அன்று அந்த வகுப்பில் யாரும் 35 என்று சொல்லவில்லை.

அதற்கு அடுத்ததுதான் கட்டு. பனை ஈர்க்கையோ தென்னை ஈர்க்கையோ விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. 27 எடுக்க வேண்டும், ஏழு உதிரி இல்லை. என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவசரப்படாமல் இருந்தால் யாராவது ஒரு பிள்ளை ஒரு கட்டை அவிழ்க்கும். இந்த அவிழ்ப்பைக் கையால் இருபது முறை செய்த பிறகுதான் பலகையில் 5-ஐ அடித்து 4 என்று எழுத வேண்டும். ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லை நான் பாதியில் கைவிட்டேன். கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டும் என்று இந்தக் கரைப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், “எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். நியாயமான கேள்வி. யாரிடமும் எதையும் வாங்கவில்லை, தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்கிறது. ‘கட்டு அவிழ்’ என்று சொன்னால் புரிந்துவிடுகிறது. கையால் செய்வது, படமாக வரைவது, எண்ணாக எழுதுவது என்ற இந்த வரிசையை ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கினார். சிங்கப்பூர்ப் பள்ளிகள் தங்கள் கணக்குப் பாடத்தையே இதன்மேல்தான் கட்டின. நடுவில் இருக்கிற படத்தை நாம் பல நேரம் தாண்டிவிடுகிறோம். ஐந்து நீளக் கோடு, இரண்டு புள்ளி வரைந்தால் போதும், அதற்குச் செலவே இல்லை.

எண்ணை எழுதுவதிலும் ஒரு தடங்கல் உண்டு. ‘நூற்றி ஐந்து’ என்று சொன்னால் 1005 என்று எழுதும். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: நூறு, அப்புறம் ஐந்து. 100 என்று எழுதிய நீள அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின்மேல் 5 என்ற சின்ன அட்டையை வைத்துக் காட்டுங்கள். பூஜ்யம் மறைந்துதான் இருக்கிறது, போய்விடவில்லை என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். தமிழ் எண்ணுப் பெயர்கள் பெரும்பாலும் நேர்மையானவை, இருபத்து மூன்று என்றால் இருபதும் மூன்றும். இந்தியில் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும், நமக்கு அந்தப் பாடு இல்லை. ஒன்பதில் மட்டும் கோணல்: தொண்ணூறில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு பிள்ளை நின்றுவிட்டால் மக்கு என்று நினைக்காதீர்கள், தடுமாற வைப்பது அந்தச் சொல்.

பெருக்கலுக்கு வலையைவிட நல்ல துணைக்கருவி எனக்குத் தெரியவில்லை. கிழிந்த வலைத்துண்டு ஒன்றைச் சட்டத்தில் கட்டி, ஒரு வரிசையில் எத்தனை கண், எத்தனை வரிசை என்று கேளுங்கள். 4 வரிசை 6 கண். சட்டத்தைத் திருப்பினால் 6 வரிசை 4 கண். கண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு வாய்ப்பாட்டில் பாதிப் பாரம் இறங்கிவிடும். பத்தாம் வாய்ப்பாடு வரை 100 பெருக்கல் இருக்கிறது. திருப்பினால் ஒன்றுதான் என்பதால் 55 ஆகும். 1, 2, 5, 10 எளிது என்று எடுத்துவிட்டால் மிச்சம் 21 மட்டுமே. அந்த 21-ஐ மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். புரிந்தால் போதும், வாய்ப்பாடு தேவையில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆறேழு 42 என்று தேடாமல் வாயில் வந்தால்தான், பெரிய கணக்கில் மனம் கணக்கின்மேல் நிற்கும். ஆனால் வலை முதலில், மனப்பாடம் பிறகு.

வகுத்தலை எங்கள் அம்மாக்கள் தினமும் செய்கிறார்கள், கூறு வைக்கிறார்களே அதுதான். 24 மீனை நான்கு நான்காகக் கூறு வைத்தால் எத்தனை கூறு? 24 மீனை நான்கு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு எத்தனை? இரண்டுக்கும் விடை 6, ஆனால் கை செய்யும் வேலை வேறு. புத்தகம் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் சொல்லும். இரண்டையும் சிப்பிகளை வைத்துச் செய்து பார்க்கட்டும். 26 மீனாக இருந்தால் மிச்சம் இரண்டை என்ன செய்வது என்று கேளுங்கள், நல்ல வாக்குவாதம் நடக்கும். பின்னம் நான்காம் வகுப்பு வேலை என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு தாளை நான்கு முறை மடித்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் நம் மொழியில் பெயர் இருக்கிறது: அரை, கால், அரைக்கால், மாகாணி. 1/16 வரை. மடிப்பு கூடக் கூடத் துண்டு சிறிதாவதைப் பார்த்த பிள்ளை, நான்கு பெரிது என்பதால் 1/4 தான் 1/2-ஐவிடப் பெரிது என்று சொல்லாது.

வாக்கியக் கணக்கில் ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி என்று குறுக்கு வழி சொல்லித் தராதீர்கள். “மொத்தம் 12 நண்டு, அதில் 5 பெரியது, சிறியது எத்தனை?” என்று கேட்டால் அந்தப் பிள்ளை 17 என்று எழுதும். கணக்கைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள், வரையச் சொல்லுங்கள், எண்ணைக் கடைசியில் தொடட்டும். மாதம் ஒருமுறை பிள்ளைகளே கணக்கு எழுதி அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். வாசிப்பும் கணக்கும் அங்கே ஒன்றாகிவிடும்.

மூன்று வகுப்பு, ஒரே ஆள், எப்படி முடியும் என்று கேட்பீர்கள். ஒரு மணி நேரத்தை மூன்று இருபதாக வெட்டுங்கள். ஒரு கூட்டத்தோடு நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு கூட்டம் இரட்டையராக வாசிக்கும், மூன்றாவது எழுதும் அல்லது விளையாடும். கணக்கு நேரத்தில் பல்லாங்குழியும் தாயமும் நல்ல வேலை கொடுக்கும். முதல் இரண்டு வாரம் கூச்சலாக இருக்கும், உங்களுக்கே அழுகை வரும். மூன்றாவது வாரம் பழகிவிடும். அரும்புக் கூட்டத்துக்கு உங்கள் நேரம் கொஞ்சம் கூடுதலாகப் போகட்டும், மலர்க் கூட்டம் சமாளித்துக்கொள்ளும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அந்த ஐந்து நிமிடச் சோதனையைத் திரும்பச் செய்து, நகர்ந்த பிள்ளையை அடுத்த கூட்டத்துக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் அந்தப் பெயர் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடும்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால் பிள்ளைகள் இப்போது முன்னதாகவே வருகிறார்கள். சாப்பிட்டு முடிந்து மணி அடிக்கும்வரை இருக்கும் நேரம் பொன்னானது. பசியில்லாத வயிறு, கத்தாத வகுப்பு. மிகவும் பின்தங்கிய நாலைந்து பேரை அப்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த பெண் யாராவது உங்கள் ஊரில் இருப்பார். போய்ப் பாருங்கள், அந்தப் பிள்ளைகளை வீட்டோடு அறிந்தவர் அவர்தான்.

பெற்றோர் விஷயம். படிக்காத அம்மாவால் சொல்லித்தர முடியாதுதான், கேட்க முடியுமே. தினமும் ஒரு பத்தியைப் பிள்ளை யாராவது ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், பாட்டியாக இருந்தாலும் சரி. கேட்டவர் என்ன கதை என்று மறுநாள் உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கரையில் பாசி காயப்போடும் இடத்துக்கே நான் போயிருக்கிறேன், பள்ளிக்கு வரச் சொன்னால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். விசைப்படகுக்குப் போகும் அப்பாக்களைப் பிடிக்க ஒரே நல்ல காலம் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறக்கும். இடையில் கிடைக்கும் அந்தச் சில நாள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை அப்போது வையுங்கள், கட்டவிழ்ப்பையும் வலைக்கண் பெருக்கலையும் அப்பாக்கள் முன்னால் பிள்ளைகளே செய்து காட்டட்டும். வலையைப் பற்றி அவர்கள் உங்களுக்கே நான்கு விஷயம் சொல்லித் தருவார்கள், அடுத்த நாள் பாடத்துக்கு ஆகும்.

ஈர்க்குக்காகக் கடைக்குப் போக வேண்டாம், கேட்டால் பிள்ளைகளே ஒரு துடைப்பக் கட்டு கொண்டுவருவார்கள். கொடுப்பதற்கு முன்னால் இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு, சொரசொரப்பு இல்லாமல் தேய்த்துவிடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எண்ணும்.